குங்குமம் வைத்த கத்தி

அத்தியாயம் ஆறு

தலைக்கு மேலே கூரை இல்லாத வீட்டுக்குள் நின்றுகொண்டு கோபத்தை அடக்குவது லேசான காரியமில்லை. நாகலெட்சுமி அடக்கப் பார்க்கவும் இல்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த குருவிமலைத் தோட்டத்தில், மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் அழகனின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகாயம்தான் கூரை. விசாரணை சனிக்கிழமை காலையில் என்று தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். தகரங்களை மட்டும் வியாழக்கிழமையே கழற்றியாயிற்று. ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு அவை வாசலில் அடுக்கிக் கிடந்தன. உள்ளே அழகனின் மனைவி அம்மாக்கண்ணு சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அழகன் கையில் பத்துச்சீட்டு விழுந்தால், அதாவது வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று துரை சீட்டுக் கொடுத்தால், அன்று சாயங்காலமே குடும்பம் ரோட்டில். வேலை போனால் வீடும் போகும். இந்த 1961ஆம் வருஷத்தில் குடியுரிமை பறிபோய், நாடும் தங்களுடையதென்று சொல்ல வழியில்லாத ஆட்களுக்குப் போவதற்கு வேறு இடம் ஏது?

“சாப்பிட்டு முடிச்சிட்டு உலை வைக்கிற ஊரை இப்பதான் பாக்குறேன் டீச்சர்,” என்றான் ராசிக்.

ராசிக் அட்டனில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஏற்றத்தில் அவனுடைய மொரிஸ் மைனர் நின்றுவிடும், வாய் நிற்காது. நாகலெட்சுமி அதே அட்டனில் பெரிய வகுப்புகளுக்குத் தர்க்க சாஸ்திரமான அளவையியல் படிப்பிக்கிறவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் என்கிற தத்துவம் படித்தவள். முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியர்கள் எதை எப்படிச் சந்தேகித்தார்கள், எதை எப்படி நிரூபித்தார்கள் என்று மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவள். டிக்கோயாவில் ஒரு கல்யாண வீட்டு நகை காணாமற்போன விவகாரத்தை அவள் போன வருஷம் அவிழ்த்துவிட்டதிலிருந்து, போலீசுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அம்மாக்கண்ணு அப்படி வந்தவள்.

விஷயம் இதுதான். புதன்கிழமை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எல்லா மெசினையும் ஓட்டுகிற பெரிய பெல்ட்டை யாரோ குறுக்கே அறுத்துவிட்டார்கள். மெசின் ஓடவில்லையாம். அதனால் வாடப்போட்டிருந்த கொழுந்து முழுக்கக் கெட்டுப்போயிற்றாம். பெல்ட்டுக்கு அடியில், தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிற அழகனின் கவ்வாத்துக் கத்தி கிடந்தது. கைப்பிடியில் அவன் சுட்டு வைத்த அடையாளம் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கையில் அந்தக் கத்தியோடு அழகன் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து வந்ததைத் தன் கண்ணாலேயே கண்டதாக டீமேக்கர் சிவசாமி சொன்னார். டீமேக்கர் என்றால் ஸ்டோருக்கே அதிகாரி. அழகனோ தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். துரைக்கு இதைவிட இனிப்பான சேதி வேறென்ன வேண்டும்?

அழகன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நான் அறுக்கவில்லை என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கத்தி புதன்கிழமை எங்கே இருந்தது என்று நாகலெட்சுமி கேட்டதற்குத் தரையைப் பார்த்தான். மறுபடி கேட்டதற்கும் தரையைத்தான் பார்த்தான்.

“ஊமைச் சாமிக்கு வக்கீல் வேலை பாக்குறோம்,” என்று ராசிக் முணுமுணுத்தான்.

ஆனால் கத்தி ஊமையில்லை. வரும் வழியில் ஆபீசில் கிளாக்கரைக் கெஞ்சி நாகலெட்சுமி அதைப் பார்த்திருந்தாள். கைப்பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் போட வேண்டும் என்றார் கிளாக்கர். நாகலெட்சுமி லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் கவ்வாத்து வெட்டியவர்தான். குங்குமத்துக்கும் துருவுக்கும் வித்தியாசம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரே கவ்வாத்துக் கங்காணி கந்தப்பனிடம் போனாள். லயத்து மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற அந்த மனிதர், பூசையா, அப்படி ஒன்றும் இந்த வருஷம் நடக்கவில்லையே என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற பூசாரி நல்லமுத்து, தனக்குப் பூசை என்றால் என்னவென்றே தெரியாதவர் மாதிரி மலையைப் பார்த்தார்.

“கத்தியில குங்குமம் இருக்கு, கங்காணி,” என்றாள் நாகலெட்சுமி.

கந்தப்பனின் முகம் விழுந்துவிட்டது. மெல்ல மெல்லச் சொன்னார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மலை மூலையில் இருக்கிற கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடுவது வழக்கம். வெட்டுகிற முப்பது பேரும் தங்கள் கத்திகளைச் சாமிக் கல்லுக்கு முன்னால் வைப்பார்கள். சந்தனம், குங்குமம், ஒரு சேவல். கத்திகள் அன்றிரவு சாமியோடு இருக்கும். விடிந்ததும் பூசாரி எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால்தான் செடியில் வெட்டு விழும். கையில் கொடுக்காத கத்தியை எவனும் தொடமாட்டான். தொட்டால் அந்த வருஷம் அந்தக் கத்தி அவன் காலிலேயே இறங்கும் என்பது நம்பிக்கை. புதிதாக வந்த துரை இந்த வருஷம் பூசையே கூடாதென்று சொல்லிவிட்டார். தோட்டத்து மண்ணில் ரத்தம் சிந்தினால் சிந்தியவனுக்கும் கூட நின்றவனுக்கும் பத்துச்சீட்டாம். புதன்கிழமை துரை நுவரெலியா கிளப்புக்குப் போய்விட்டார். அந்தச் சந்தில் பூசையை முடித்துவிட்டார்கள். ஸ்டோர் ஆட்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

“சேவல் வாங்கிக் குடுத்ததே டீமேக்கர் ஐயாதாங்க. அவுங்களும் வந்து கும்புட்டுட்டுத்தான் போனாங்க,” என்றார்.

ராசிக் கையைத் தட்டினான். பொழுது சாயும் நேரத்தில் கத்தி சாமிக்கு முன்னால் இருந்தது என்றால், அதே நேரத்தில் அழகன் கையில் எப்படி இருக்கும்? ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. டீமேக்கர் சொன்னது பச்சைப் பொய். கேஸ் முடிந்தது என்று கார்ச் சாவியைச் சுழற்றினான்.

கந்தப்பன் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

“அதைச் சொன்னா பூசை போட்டதையும் சொல்லணுமே, டீச்சரம்மா. ஒரு வீட்டுத் தகரத்தை மாட்ட முப்பது வீட்டுத் தகரத்தைக் கழட்டவாங்க சொல்றீங்க?”

அழகன் ஏன் தரையைப் பார்க்கிறான் என்பது இப்போது புரிந்தது. நாகலெட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உண்மை கையில் இருக்கிறது. முப்பது பேர் சாட்சி இருக்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. ஒன்றை நிரூபிக்க என்னென்ன வேண்டும் என்று பேராதனையில் பெரிய பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னாலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை மட்டும் எந்தப் பேராசிரியரும் அதில் சேர்க்கவில்லை. அந்தப் பேராசிரியர்களுக்கெல்லாம் கூரை இருந்தது.

“அப்ப பூசையைத் தொடாமலே நிரூபிக்கணும்,” என்றாள்.

காரில் ஏறி உட்கார்ந்தவள் கிளம்பச் சொல்லவில்லை. மூடுபனி கண்ணாடியை மறைத்துக்கொண்டு வந்தது. சந்தேகிக்க முடிந்ததையெல்லாம் சந்தேகித்துத் தள்ளு, தள்ள முடியாமல் மிஞ்சுவது எதுவோ அதிலிருந்து கட்டு. அவள் படித்த முறை அது. அழகன் சொல்வதைச் சந்தேகித்தாள். டீமேக்கர் சொல்வதைச் சந்தேகிக்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. கந்தப்பனையும் தள்ளி வைத்தாள். மிஞ்சியது இரண்டே இரண்டு. பெல்ட் அறுந்திருக்கிறது. கொழுந்து கெட்டிருக்கிறது. இந்த இரண்டையும் யாராலும் மறுக்க முடியாது.

ராசிக்கிடம் சத்தமாகவே கேட்டாள், கொழுந்து ஏன் கெட்டது என்று. பெல்ட் அறுந்ததால் என்றான் அவன். அந்த ‘ஆல்’ எங்கிருந்து வந்தது, அதை யார் கண்ணால் கண்டார்கள் என்று கேட்டாள். ராசிக் அவளைப் பார்த்த பார்வையில் வாடகை கிடைக்குமா என்ற கவலை தெரிந்தது.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையாங்க? காக்காமேல பழி இல்லேன்னு சொல்றீங்களா?”

“இல்ல ராசிக். பழம் முந்தியே விழுந்துருச்சோன்னு பாக்குறேன். அப்புறமா ஒரு காக்காயைப் புடிச்சுக் கிளையில கட்டியிருந்தா?”

இறங்கிப் போய் அம்மாக்கண்ணுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: கெட்டுப்போன கொழுந்தை எங்கே கொட்டினார்கள்? வியாழக்கிழமை காலையில் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் ஸ்டோரைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்களாம். புளித்த நாற்றம். துரை நுவரெலியாவிலிருந்து வந்து சேருவதற்கு முன்னாலேயே டீமேக்கர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளச் சொல்லிவிட்டாராம். அப்போதும் அவர்மேல் சாராய வாடை அடித்ததாம்.

புளித்த நாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் நாகலெட்சுமி எழுந்து நடந்தாள்.

பள்ளம் வண்டி ரோட்டுக்குக் கீழே இருந்தது. ராசிக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். இரண்டு அடி வைப்பதற்குள் காலில் அட்டைகள் ஏறிவிட்டன. இந்தத் தோட்டத்தில் ரத்தம் சிந்தினால் பத்துச்சீட்டு என்று துரை சொன்னது அட்டைகளுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று கீழேயிருந்து கத்தினான். மண்ணைக் கையால் தள்ளி, அடியிலிருந்து இரண்டு பிடி அள்ளிக்கொண்டு மேலே வந்தான்.

நாகலெட்சுமி அதை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். நசுங்கி, முறுகி, செம்பு கறுத்த மாதிரி ஒரு நிறம். புளிப்பு நாற்றம் மூக்கில் ஏறியது. அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையில் போட்டு இறுக்கி முடிந்தாள், யார் கழுத்தையோ முடிகிற மாதிரி.

சனிக்கிழமை காலையில் ஆபீசுக்குள் துரை நாற்காலியில் இருந்தார். மேசையில் அழகனின் கத்தி. ஒரு பக்கம் கோட்டுப் போட்ட டீமேக்கர் சிவசாமி, இன்னொரு பக்கம் கையைக் கட்டிய அழகன். ஜன்னலுக்கு வெளியே கந்தப்பனும் நல்லமுத்துவும் மற்றக் கவ்வாத்து ஆட்களுமாக முப்பது பேர் நின்றார்கள். நாகலெட்சுமி உள்ளே நுழைந்ததும், “நீ யார்? இஸ்கோல் டீச்சருக்கு இங்கே என்ன வேலை?” என்றார் துரை, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில். அந்தத் தமிழில் மரியாதைக்கு வார்த்தையே கிடையாது, கற்றுக்கொண்டபோது தேவைப்பட்டிருக்காது. அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். ஒரே நிமிஷத்தில் அவருக்கு உட்காரும் விதம் மாறியது, அவளுக்கு ஒரு நாற்காலியும் வந்தது. அந்த நாற்காலியைப் பார்க்கவே அவளுக்கு எரிந்தது. நின்றபடியே பேசினாள்.

டீமேக்கரிடம் தமிழிலேயே கேட்டாள். பெல்ட் எப்போது அறுந்தது? பொழுது சாய்ந்த கையோடு என்றார் சிவசாமி. கொழுந்தை ரோலர் மெசினில் போட்டு முறுக்கத் தொடங்கலாமென்று போனால் பெல்ட் அறுந்து கிடந்தது. மெசின் ஓடாததால் கொழுந்து தட்டிலேயே கிடந்து கெட்டது.

“அப்ப அன்னைக்கிக் கொழுந்து ரோலருக்குள்ள போகவே இல்லை?”

“ஒரு இலை போகலை.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எரிச்சலோடு சொன்னார். கிளாக்கரும் கேட்டார், துரையும் கேட்டார்.

நாகலெட்சுமி கைக்குட்டையை மேசையில் அவிழ்த்தாள். பக்கத்தில், காலையில் ராசிக் ஸ்டோர்க்காரர்களிடம் பல்லைக் காட்டி வாங்கி வந்த, வாடியிருந்தாலும் தட்டையாகவே இருக்கிற கொழுந்து ஒரு பிடி வைத்தாள். முறுகிய கொழுந்து எந்தப் பள்ளத்தில் எடுத்தது, யார் முன்னால் நின்று கொட்டச் சொன்னது என்பதைச் சொன்னாள். துரை என்னதான் துரையானாலும் தேயிலைக்காரர். இரண்டு விரலால் எடுத்து, ஒரு தடவை முகர்ந்துவிட்டு, டீமேக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

“ரோலர் ஓடாமல் கொழுந்து இப்படி முறுகாது,” என்றாள் அவள் இங்கிலீஷில், வகுப்பில் சொல்கிற மாதிரி. “பெல்ட் இல்லாமல் ரோலர் ஓடாது. கொழுந்து முறுகியிருக்கிறது. அதுவரை ஒரு இலையும் ரோலருக்குள் போகவில்லை என்று இவரே சொன்னார்; ஆகவே இவர் அறுந்தது என்று சொல்கிற நேரத்துக்கு அப்புறமும் பெல்ட் முழுசாக ஓடியிருக்கிறது. உங்கள் ஊர் ஸ்கொத்லாந்துதானே? இருநூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊர்க்காரர் ஒருவரே இதைக் கேட்டிருக்கிறார். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வருவதைத்தான் நாம் பார்க்கிறோம், ‘அதனால்’ என்பதைக் கண்ணால் கண்டவர் யார் என்று. இங்கே பின்னால் வந்ததைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. இவர் சொன்னார், நீங்கள் தகரத்தைக் கழற்றினீர்கள்.”

துரை விரலில் இருந்த கொழுந்தை மேசையில் போட்டார்.

“பெல்ட் அறுந்ததால் கொழுந்து கெடவில்லை. கொழுந்து கெட்டதால்தான் பெல்ட் அறுந்தது. முறுக்கிய கொழுந்தைப் பரப்பிவிட்டு, அது சிவந்ததும் அடுப்புக்கு அனுப்ப வேண்டியவர் தூங்கிவிட்டார். கண் விழித்தபோது புளித்துக் கிடந்தது. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.”

எத்தனை போத்தல் உள்ளே போனபின் தூங்கினார் என்பதை அவள் சொல்லவில்லை. சிவசாமியின் முகமே சொல்லிக்கொண்டிருந்தது. ராசிக் கதவோரத்தில் நின்று, அறுந்த பெல்ட்டை மறுபடி தைக்கலாம், இவர் வாயைத் தைக்க முடியாது என்று கிளாக்கர் காதில் ஓதினான்.

அப்போதுதான் துரை அந்தக் கேள்வியைக் கேட்டார். கத்தியை எடுத்துக் காட்டி, எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

“சரி. இது அழகன் கத்தி. புதன்கிழமை ராத்திரி இது எங்கே இருந்தது?”

ஜன்னலுக்கு வெளியே முப்பது பேரும் கல்லாகி நின்றார்கள். நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அழகன் நிமிர்ந்தான்; பொய் சொல்லத் தெரியாதவன், வாயைத் திறக்கப் போனான். நாகலெட்சுமி முந்திக்கொண்டாள்.

“அதை இழந்தவரைக் கேட்டு என்ன பிரயோசனம்? எடுத்தவரைக் கேளுங்க.”

எல்லோருடைய கண்ணும் சிவசாமி மேல் விழுந்தது. எங்கே எடுத்தார் என்று அவருக்குத் தெரியும். சந்தனமும் குங்குமமும் வைத்த கல்லுக்கு முன்னால், தான் வாங்கிக்கொடுத்த சேவலின் ரத்தத்துக்குப் பக்கத்தில். அதைச் சொன்னால் தானும் அங்கே நின்றதைச் சொல்ல வேண்டும். நின்றவனுக்கும் பத்துச்சீட்டு என்பது கோட்டுப் போட்டவனுக்கும் சேர்த்துத்தான். இரண்டு நாளாக முப்பது பேர் வாயைக் கட்டியிருந்த கயிறு இப்போது அவர் வாயையும் சேர்த்து இறுக்கியது. ஜன்னலைப் பார்த்தார். கந்தப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் இமைக்காமல்.

“ரோட்டுல... ரோட்டுல கெடந்துச்சுங்க,” என்றார் சிவசாமி.

“ரோட்டுல கெடந்த கத்தியை அழகன் கையில எப்படிங்க பாத்தீங்க?” என்றாள் நாகலெட்சுமி.

டீமேக்கர் நாற்காலியைத் தேடினார். அது நாகலெட்சுமிக்குப் போட்ட நாற்காலி, அவள் அதன் முன்னாலிருந்து நகரவில்லை.

துரையின் நியாயம் இப்படி வந்தது. சிவசாமிக்கு இந்தக் கம்பெனியின் வேறொரு தோட்டத்துக்கு மாற்றம். அழகனுக்குப் பத்துச்சீட்டு இல்லை. ஆனால் தோட்டத்துக் கத்தியைக் கவனமாக வைத்துக்கொள்ளாததற்கு ஒரு எச்சரிக்கை. தகரத்தை ஆள் கிடைக்கும்போது மாட்டித் தருவார்கள். சொல்லிவிட்டுக் கத்தியை அழகன் காலடியில் விட்டெறிந்தார்.

அழகன் குனியவில்லை. எடு என்றார் துரை. அவன் அசையவில்லை. வெளியே நின்றவர்களும் அசையவில்லை. துரைக்கு அது திமிராகத் தெரிந்தது, முகம் சிவந்தது. நாகலெட்சுமிக்குத்தான் புரிந்தது. சாமி முன்னால் வைத்த கத்தி இன்னும் அவன் கைக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுக்க வேண்டிய நல்லமுத்து ஜன்னலுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். உள்ளே வந்து கொடுத்தால் முப்பது வீடும் போச்சு.

எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கற்றவள், சாமி கும்பிட்டுப் பல வருஷமானவள், குனிந்து கத்தியை எடுத்தாள். குங்குமம் அழியாமல் முந்தானையால் தூசியைத் துடைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். அழகன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே முப்பது பேர் மூச்சு விட்டது உள்ளே கேட்டது. டீச்சரம்மாவின் மரியாதை என்று நினைத்து, துரை அடுத்த தபாலைப் பிரிக்கத் தொடங்கினார்.

மூன்றாம் லயத்துக்கு ஆள் கிடைக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அரை நாள் வேலை முடிந்ததும் கந்தப்பன் ஏணியைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு தகரமாகத் தூக்கினார்கள். நாகலெட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள். ராசிக் வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு நின்றான்; அவனை இரண்டு மணி நேரம் பேசாமல் இருக்கவைத்த ஒரே விஷயம் அதுதான். அம்மாக்கண்ணு சாக்கை அவிழ்த்து, பானையை அடுப்பில் ஏற்றினாள்.

கடைசித் தகரம் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. புது ஆணிகள் புது இடத்தில் இறங்கியிருந்தன. வியாழக்கிழமை பிடுங்கிய பழைய ஆணிகளின் ஓட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றின் வழியாக அடுப்படியிலும் பாயிலும் சாமி படத்து மேலும் ஒழுகியது. அம்மாக்கண்ணு வீட்டில் இருந்த சட்டிகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் கீழே வைத்தாள். சட்டி போதவில்லை.

“நிரூபிச்சாச்சே டீச்சர், போகலாமா?” என்றான் ராசிக், வாயிலிருந்து கடைசி ஆணியை எடுத்துவிட்டு.

நாகலெட்சுமி ஒழுகுகிற இன்னோர் இடத்தில் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். கை நிறைந்ததும் வாசலுக்குப் போய், ஆபீஸ் இருக்கும் பக்கம் பார்த்து அந்தத் தண்ணீரை வீசி எறிந்தாள்.